கேசரிப் பருப்பின் விஷமும் அதனைப் பிரித்துக் காட்டிய மின்சாரக் காகிதமும்

பருப்பு வகைகளுள் துவரைக்கு உள்ள மதிப்பு யாவரும் அறிந்ததே. விலை ஏறும் காலங்களில் அதனுடன் வேறு மலிவான பருப்பைக் கலந்து விற்கும் வழக்கமும் நெடுநாளாக இருந்து வருகிறது. அவ்வாறு கலக்கப்படுவனவற்றுள் கேசரிப் பருப்பு என்பது முக்கியமானது. உடைத்துத் தோல் நீக்கிய நிலையில் அது துவரம் பருப்பைப் போலவே மஞ்சளாக இருக்கும். வேகவைத்தால் ருசியிலும் பெரிய பேதம் தோன்றாது. ஆயினும் அதனைப் பிரதான உணவாகப் பல மாதங்கள் தொடர்ந்து உண்போரில் சிலருக்குக் கால்கள் விளங்காமற் போகும். அவ்வாறு போன கால்கள் திரும்புவதில்லை.

இந்தத் தீங்கிற்குக் காரணமான பொருள் யாது என்பது நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியாதிருந்தது. ஒரு விதையில் கலந்து கிடக்கும் பல பொருள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துப் பார்க்கும் முறைகள் ஏற்பட்ட பிறகே அது விளங்கிற்று. அம்முறைகளுள் ஒன்று, நனைந்த காகிதத்தில் மிகுந்த அழுத்தமுள்ள மின்சாரத்தைச் செலுத்திப் பொருள்களைப் பிரிப்பதாகும். அம்முறையின் தத்துவத்தையும், கேசரி விதையில் அதன் பயனையும், அதனால் குடியானவர்கள் அடையத்தக்க நன்மையையும் இக்கட்டுரையிற் காணலாம்.

பயிரின் குணம்

கேசரி, பட்டாணி இனத்தைச் சேர்ந்த சிறு கொடி. தாவர நூலார் இதனை லத்தைரஸ் ஸடைவஸ் என்பர். வடநாட்டில் கேசாரி, தியோரா முதலிய பெயர்களால் வழங்குகிறது. தண்டின் இருபுறமும் மெல்லிய சிறகு போன்ற விளிம்பு இருக்கும். பூக்கள் நீலமாகவோ, வெண்மையாகவோ, இளஞ் சிவப்பாகவோ இருக்கும். விதை உருண்டையாக இராமல் கோடாரி முனை போல ஒரு பக்கம் சரிந்து காணப்படும்.

இது தமிழ் ஜில்லாக்களில் விளையும் பயிரன்று. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், பீகார், வங்காளம் ஆகிய பகுதிகளிலும், வங்காள தேசம், எத்தியோப்பியா முதலிய நாடுகளிலும் பயிராகிறது. தஞ்சைப் பகுதியில் நெல் அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன், ஈரம் காயாத வயலில் உளுந்தையும் பயற்றையும் தெளிக்கும் வழக்கம் உண்டு அல்லவா? அவ்வாறே சத்தீஸ்கர்ப் பகுதியில் நிற்கும் நெல்லின் இடையே கேசரியைத் தெளிப்பார்கள். அதற்கு உழவு இல்லை, எரு இல்லை, பாய்ச்சல் இல்லை. மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே அது விளைந்துவிடும். மழை தவறினாலும், மாறாகத் தண்ணீர் தேங்கினாலும், மற்றப் பயிர்கள் கெடும் இடத்தில் இது நிற்கும். விதையில் புரதச் சத்து நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் உள்ளது. தழை மாட்டுக்குத் தீனியாகும். வேர் முடிச்சுகளால் நிலத்திற்கும் தழைச்சத்துச் சேரும்.

இத்தனை நற்குணங்கள் அமைந்ததனாலேயே இப்பயிர் ஆபத்தானதாக முடிந்தது. மற்றத் தானியங்கள் விளையாத ஆண்டில் ஏழைகளுக்கு இதுவே மிஞ்சுகிறது. மிஞ்சிய ஒன்றையே அவர்கள் மூன்று வேளையும் உண்ண நேரிடுகிறது.

வியாதியின் வரலாறு

ஸ்லீமன் என்னும் ஆங்கில அதிகாரி 1844-ஆம் ஆண்டில் வெளியான தமது பிரயாண நூலில், மத்திய இந்தியாவின் சாகர்ப் பகுதிக் கிராமங்களில் நடந்ததை விவரித்துள்ளார். 1829-இல் ஆலங்கட்டி மழையால் கோதுமை அழிந்தது. 1830-இல் பருவ மழை போதவில்லை. 1831-இல் நோய் விழுந்து கோதுமை கருகிற்று. இம்மூன்று ஆண்டுகளிலும் கேசரி மாத்திரம் செழித்து விளைந்தது. ஜனங்கள் அதனையே உண்டு பிழைத்தனர். 1833-இல் முப்பது வயதிற்குட்பட்ட பலருக்கு இடுப்பின்கீழ் அவயவங்கள் திடீரெனச் செயலற்றன. ஒரு கிராமத்தில் 1833, 1834 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வாலிப வயதினரில் ஏறக்குறையப் பாதிப்பேர் பாதிக்கப்பட்டதாக அவர் எழுதியுள்ளார்.

இவ்வியாதிக்கு லத்தைரிஸம் என்னும் பெயரை 1873-இல் இத்தாலிய வைத்தியரான கண்டானி என்பவர் இட்டார். ஐரோப்பாவிலும் பஞ்ச காலங்களில் இது தோன்றியதுண்டு. நோய் கண்டவருக்கு முதலில் கெண்டைக்கால் தசை விறைக்கும். பின்னர் முழங்கால் மடங்கி, குதிகால் தரையிற் படாமல், விரல் நுனியால் நடக்க நேரும். முற்றியபின் கோலூன்றியும், அதன்பின் தவழ்ந்தும் செல்ல வேண்டியதாகும். அறிவு கெடுவதில்லை, ஆயுளும் பெரும்பாலும் குறைவதில்லை. ஆகையால் உழைக்கும் வயதில் முடமானவர் தமது எஞ்சிய காலம் முழுவதும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியவராகிறார்.

மத்தியப் பிரதேசத்தின் ரேவா, சத்னா ஜில்லாக்களில் இந்நோய் மிகுந்திருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. கடனுக்காகப் பண்ணையில் கட்டுண்டு உழைத்தவர்களுக்குக் கூலியாகக் கேசரித் தானியத்தையே அளந்து வந்தனர். விலை குறைந்த தானியத்தைக் கூலியாகக் கொடுப்பது நிலமுடையோருக்கு இலாபமாயிருந்தது. அதனை உண்டவர்களுக்கோ கால்கள் போயின.

மாறிப் பிடிக்கப்பட்ட குற்றவாளிகள்

நோய் கேசரியை உண்பதால் வருகிறது என்பதைக் கிராமத்தார் அறிந்திருந்தனர். ஆனால் கேசரியில் எப்பொருள் அதற்குக் காரணம் என்பதில் அறிஞர் பலவாறு மயங்கினர். 1925-இல் ஆண்டர்ஸன், ஹோவர்டு, ஸைமன்ஸன் என்ற மூவர், குற்றம் கேசரியுடையதன்று. வயலில் அதனோடு களையாக முளைக்கும் அக்தா என்னும் விஸியா இனத்து விதை கலந்து விடுவதே காரணம் என்று கருதினர். ஆகவே களையை நீக்கிச் சுத்தமான விதையை உண்டால் தீங்கில்லை என்ற எண்ணம் சில காலம் பரவிற்று.

பின்னர் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கும் ஸ்வீட் பீ என்னும் கொடியின் விதையிலிருந்து ஒரு விஷப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுவும் லத்தைரஸ் இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் அப்பொருள் எலிகளின் எலும்பையும் இரத்தக் குழாயையும் கெடுத்ததேயன்றி, மனிதருக்குக் காணும் கால் விறைப்பை உண்டாக்கவில்லை. கேசரி விதையில் அப்பொருள் இல்லை என்பதும் தெரிய வந்தது. ஓர் இனத்தில் ஒரு விதைக்குச் சொன்னது மற்றொரு விதைக்குப் பொருந்தாது என்பது இதனால் விளங்கிற்று. ஒவ்வொரு விதையிலும் உள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காண்பதே செய்யத்தக்கது என்றாயிற்று.

காகிதமும் மின்சாரமும்

விதையை அரைத்து நீர் கலந்த ஆல்கஹாலில் ஊறவைத்தால் அதன் சாரம் இறங்கும். அச்சாரத்தில் சர்க்கரை, உப்புக்கள், பலவகை அமினோ அமிலங்கள் ஆகியவை எல்லாம் கலந்திருக்கும். அமினோ அமிலங்களே புரதச் சத்து கட்டப்படும் செங்கற்கள். அவற்றுட் சில தனித்தும் விதையில் இருக்கும். இவற்றைப் பிரிப்பது எப்படி?

நீரிற் கரைந்த அமினோ அமிலங்களுக்கு மின்னேற்றம் உண்டு. சிலவற்றிற்கு நேர்மின், சிலவற்றிற்கு எதிர்மின். சிலவற்றில் இரண்டும் சமமாகி ஒன்றுமில்லாதது போலிருக்கும். இவை உள்ள கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால், எதிர்மின் உடையவை நேர்முனையை நோக்கியும், நேர்மின் உடையவை எதிர்முனையை நோக்கியும் நகரும். சமமானவை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும். ஒரே திசையிற் செல்பவற்றுள்ளும் மின்னேற்றம் மிகுந்ததும் உருவிற் சிறியதும் முந்தும், மற்றது பிந்தும். இதற்கு எலக்ட்ரோபோரெஸிஸ் என்று பெயர். ஸ்வீடன் தேசத்து டிஸீலியஸ் என்பவர் 1937-இல் இம்முறைக்குச் சிறந்ததொரு கருவியை அமைத்து, இரத்தத்திலுள்ள புரதங்களைப் பிரித்துக் காட்டினார். 1948-இல் அவருக்கு ரஸாயனத்திற்குரிய நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. அவருடைய கருவி பெரியது, விலை மிகுந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள், கரைசலை வடிதாளில் நனைத்து, அக்காகிதத்திலேயே பொருள்களை நகரச் செய்யும் எளிய வழி பல ஆராய்ச்சிசாலைகளில் ஏற்பட்டது.

காகித முறையில் ஒரு குறை இருந்தது. தாழ்ந்த அழுத்தமுள்ள மின்சாரத்தில் பொருள்கள் மெல்ல நகர்வதால் ஓர் இரவு முழுவதும் ஆகும். அதற்குள் ஒவ்வொரு புள்ளியும், ஈரத்துணியில் விழுந்த மைத்துளி போல, நாற்புறமும் பரவிவிடும். அமினோ அமிலங்கள் மிகச் சிறியவையாதலால் விரைவிற் பரவும். அடுத்தடுத்துள்ள இரண்டு புள்ளிகள் ஒன்றாகிப் பிரித்ததன் பயன் கெடும். பரவுவதற்கு நேரம் கொடாமல் விரைந்து ஓட்டிவிடுவதே இதற்குப் பரிகாரம். அழுத்தத்தை இரு மடங்காக்கினால் வேகமும் இரு மடங்காகும்.

ஆனால் அழுத்தம் இரு மடங்கானால் காகிதத்தில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். காகிதம் காய்ந்து கருகிவிடும். 1951-இல் வியன்னா நகரத்து மிஹல் என்னும் அறிஞர், காகிதத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 50 வோல்ட் வீதம் செலுத்தும் முறையை வெளியிட்டார். 60 சென்டிமீட்டர் நீளமுள்ள காகிதத்திற்கு இவ்விகிதப்படி 3,000 வோல்ட் வேண்டும். வீட்டு விளக்கிற்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்தான் என்பதைக் கொண்டு இதன் கடுமையை உணரலாம். சூட்டைத் தணிப்பதற்காக, நனைந்த காகிதத்தைத் தண்ணீரோடு கலவாத டொலுயீன், வெள்ளை ஸ்பிரிட் போன்ற திரவம் நிறைந்த தொட்டியில் அமிழ்த்துவர். அத்திரவத்தினூடே குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள் இருக்கும். வேறு சிலர் தொட்டிக்குப் பதிலாகக் காகிதத்தைக் குளிர்ந்த இரண்டு தகடுகளின் இடையே அழுத்தி வைத்தனர். ஓர் இரவு வேண்டியிருந்த வேலை ஒரு மணி நேரத்திற்குள் முடிந்தது. புள்ளிகளும் பரவாமல் தெளிவாக நின்றன.

இவ்வேலை அபாயமற்றதன்று. இவ்வளவு அழுத்தமுள்ள மின்சாரம் தொட்டவரைக் கொல்லும். குளிர்விக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றுவது. ஆகையால் பெட்டியின் மூடி திறந்தவுடன் மின்சாரம் தானாக நின்றுபோகும்படி விசை அமைத்தல் கட்டாயமாகக் கொள்ளப்பட்டது.

கேசரி விதையைப் பரிசோதித்த விதம்

பரிசோதனை நடைபெறும் முறை பின்வருமாறு. நீண்ட வடிதாளின் நடுவே பென்ஸிலால் ஒரு கோடு கிழிப்பர். அக்கோட்டில் விதைச் சாரத்தை ஒரு சிறு துளியாக இட்டு உலர்த்துவர். பக்கத்தில், பெயர் தெரிந்த அமினோ அமிலங்களையும் தனித்தனித் துளிகளாக இடுவர். இவை ஒத்துப் பார்ப்பதற்கு. ஓட்டம் எவ்வளவு ஆயிற்று என்பதைக் கண்ணால் அறிய ஒரு சாயத் துளியும் இடுவதுண்டு. பிறகு, புளிப்பு அளவு மாறாதபடி அமைத்த கரைசலில் காகிதத்தை நனைத்து, அதன் இரு முனைகளையும் அதே கரைசல் உள்ள இரண்டு தொட்டிகளில் வைத்து மின்சாரத்தைச் செலுத்துவர். ஓட்டம் முடிந்ததும் காகிதத்தை உலர்த்தி, நின்ஹைட்ரின் என்னும் மருந்தைத் தெளித்துச் சூடுபடுத்துவர். அதுவரை வெறுமையாயிருந்த காகிதத்தில் அமினோ அமிலம் நின்ற இடங்கள் எல்லாம் ஊதாப் புள்ளிகளாகத் தோன்றும்.

இதில் கரைசலின் புளிப்பு அளவே சூட்சுமமானது. விஞ்ஞானிகள் அதனை பி.எச். என்னும் எண்ணாற் குறிப்பர். எண் குறையப் புளிப்பு மிகும். பி.எச். 6.5 உள்ள கரைசலில் கேசரிச் சாரத்தை ஓட்டினால் மூன்று கூட்டங்களாகப் பிரியும். லைஸின், ஆர்ஜினின் முதலியவையும், கேசரியில் மிகுதியாக உள்ள ஹோமோஆர்ஜினின் என்பதும் எதிர்முனைப் பக்கம் செல்லும். மின்னேற்றம் சமமானவை நடுவில் நிற்கும். அஸ்பார்டிக் அமிலமும் க்ளூடாமிக் அமிலமும் நேர்முனைப் பக்கம் செல்லும். இவ்விரண்டும் எல்லா விதைகளிலும் இருப்பவை. உடலுக்குத் தீங்கு செய்யாதவை. கேசரியிலோ இவற்றோடு அதே பக்கமாக வேறொரு பொருளும் செல்லும்.

அதனைத் தனியே பிரிப்பதற்குப் புளிப்பு மிகுந்த, சுமார் பி.எச். 3.6 உள்ள கரைசலைக் கொள்ள வேண்டும். அப்புளிப்பில் அஸ்பார்டிக் அமிலம் தன் எதிர்மின்னில் ஏறக்குறையப் பாதியை இழந்து தளரும். க்ளூடாமிக் அமிலம் இன்னும் தளர்ந்து நடுக்கோட்டிற்கு அருகிலேயே தங்கும். கேசரிக்குரிய பொருள் மாத்திரம் தன் மின்னேற்றத்தின் பெரும்பகுதியை இழவாமல் அவற்றிற்கு முன்னே ஓடி நிற்கும். துவரஞ் சாரத்தை அருகில் ஓட்டினால் அந்த இடம் வெறுமையாயிருக்கும். ஒரே காகிதத்தில் இரண்டையும் ஓட்டிக் காண்பவருக்குக் கலப்படம் ஒளிக்க இடமில்லை.

இங்கிலாந்தில் பெல் என்னும் அறிஞர் காகிதத்தில் மின்சாரத்தால் பிரிக்கும் இவ்வழியைக் கொண்டு லத்தைரஸ் இனத்தின் விதைகளை வரிசையாகப் பரிசோதித்து, 49 வகைகளின் விவரத்தை 1962-இல் வெளியிட்டார். எந்த வகையில் எப்பொருள் உண்டு, எதில் இல்லை என்பது அதனால் ஒழுங்குபட்டது.

விஷம் இன்னதெனத் தெரிந்தது

1964-ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தைச் சேர்ந்த ராவ், அடிகா, சர்மா ஆகிய மூவர், கேசரி விதையிலிருந்து அவ்வமிலப் பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து அதன் அமைப்பையும் வெளியிட்டனர். அமிலத்தில் அதனைக் காய்ச்சினால் ஆக்ஸாலிக் அமிலமும், டையமினோ புரொபியானிக் அமிலமும் ஆகிய இரண்டாக உடைந்தது. ஆகவே அது அவ்விரண்டும் சேர்ந்த கூட்டுப்பொருள். அதன் நீண்ட பெயரைச் சுருக்கி ஓ.டி.ஏ.பி. என்பர். கோழிக் குஞ்சுகளின் உடலில் அதனைச் செலுத்தியபோது கழுத்து முறுக்கலும் வலிப்பும் போன்ற நரம்புக் கோளாறுகள் கண்டன. நூறாண்டுகளாகத் தேடிய குற்றவாளி அகப்பட்டது.

அது உடலில் செய்யும் தீங்கும் பிற்பாடு விளங்கிற்று. மூளையிலும் முதுகுத் தண்டிலும் ஒரு நரம்பணு மற்றொன்றிற்குச் செய்தி அனுப்பும்போது க்ளூடாமிக் அமிலத்தைத் தூதாகப் பயன்படுத்துகிறது. காகிதத்தில் க்ளூடாமிக் அமிலத்தோடு ஒரே பக்கம் ஓடிய இப்பொருள், நரம்பிலும் அதன் வேஷத்தில் புகுந்து, நிற்காமல் அணுவைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. ஓயாத தூண்டலால் கால்களை இயக்கும் நரம்பணுக்கள் மடிகின்றன. மடிந்தவை மீண்டும் உண்டாகாமையால் நோய்க்கு மருந்தில்லை.

ஆயினும் ஒரு வேளை உண்டவருக்கெல்லாம் நோய் வருவதில்லை என்பதையும் சொல்லுதல் வேண்டும். உணவில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் கேசரியாகவே அமைந்து, இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் தொடரும்போதே நோய் காண்கிறது. அரிசி, கோதுமை, காய்கறி முதலியவற்றுடன் கலந்து சிறிதளவு உண்போருக்கு அபாயம் மிகக் குறைவு. ஆகவே இது பஞ்சத்தின் வியாதி, வறுமையின் வியாதி என்று சொல்வது பொருந்தும்.

குடியானவர்களுக்கு விளைந்த பயன்

கேசரி விற்பனையைத் தடுக்கும் விதி 1961-இல் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளிற் சேர்க்கப்பட்டது. அதனை எந்நாள் முதல் அமுலாக்குவது என்பது அந்தந்த மாநில அரசாங்கத்திற்கு விடப்பட்டது. 2011-இல் வெளியான உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் இத்தடை இடம்பெற்றது. ஆனால் வேறொன்றும் விளையாத நிலத்தையுடைய குடியானவர் இப்பயிரைக் கைவிடவில்லை. தடை ஒன்றினாலேயே நோயை ஒழிக்க இயலாது என்பது தெளிவாயிற்று.

விஷம் இன்னதென்றும், அதனை அளக்கலாம் என்றும் தெரிந்தபின் வேறொரு வழி திறந்தது. ஆயிரம் செடிகளில் எந்தச் செடியின் விதையில் விஷம் குறைவு என்று பார்த்துப் பொறுக்கலாம் அல்லவா? பழைய வகைகளில் விஷப் பொருள் பெரும்பாலும் நூற்றுக்கு 0.2-க்கும் 0.5-க்கும் இடையிலும், சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். புது டில்லி இந்திய விவசாய ஆராய்ச்சி ஸ்தாபனம் வெளியிட்ட ரத்தன் என்ற வகையிலும், ராய்ப்பூர் இந்திரா காந்தி விவசாயப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பிரதீக், மஹாதியோரா என்ற வகைகளிலும் அது நூற்றுக்கு 0.1 பங்கு அளவிலோ அதற்குக் குறைவாகவோ உள்ளது. இவ்வகைகளை உத்தேசித்துத் தடையைத் தளர்த்தலாம் என்னும் சிபாரிசு 2016-இல் வெளிவந்தது.

இவ்வகைகளிலும் கவனம் வேண்டும். கேசரிப் பூவைத் தேனீக்கள் நாடும். பக்கத்து வயலில் பழைய வகை இருந்தால் மகரந்தம் கலந்து, சில போகங்களில் விஷம் மீண்டும் ஏறலாம். வறட்சியும் மண்ணின் குணமும்கூட அதன் அளவை மாற்றும். ஆகவே ஒருமுறை நல்ல விதை வாங்கியதோடு நின்றுவிடாமல், விதையை அவ்வப்போது பரிசோதனைக்கு அனுப்பிப் புதுப்பித்தல் அவசியம்.

பரிசோதனை முறையும் மாறிவிட்டது. 1978-இல், பெங்களூரில் விஷத்தைக் கண்டறிந்த மூவருள் ஒருவராகிய ராவ் என்பவரே, நிறத்தைக் கொண்டு அதன் அளவைத் துல்லியமாக அறியும் முறையை வெளியிட்டார். அதில் பல விதைகளை விரைவில் அளக்க முடிந்தது. பிற்காலத்தில் இன்னும் நுட்பமான கருவிகளும் வந்தன. காகித மின்சாரத் தொட்டி பெரும்பாலான ஆராய்ச்சிசாலைகளினின்றும் மறைந்துவிட்டது. ஆயினும் விதைச் சாரத்தில் எது எது உண்டு என்று முதலில் கண்முன் விரித்துக் காட்டிய முறைகளுள் அது ஒன்று.

கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டிற் கேசரி விளையாவிடினும் பருப்பாக வந்து சேருவதால், குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் பின்வருவனவற்றை மனத்திற் கொள்ளுதல் நலம்.

1. துவரம் பருப்பு உருண்டு, ஓரம் மழுங்கி இருக்கும். கேசரிப் பருப்பு ஏறக்குறையச் சதுரமாய், ஒரு பக்கம் சரிந்து இருக்கும். ஒரு பிடிப் பருப்பை வெள்ளைத் தாளில் பரப்பிப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் பேதம் புலப்படும். மாவாக அரைத்தபின் இவ்வாறு அறிய இயலாது. ஆகையால் பருப்பு மாவையும் கடலை மாவையும் முழுப்பருப்பாக வாங்கி அரைத்துக்கொள்வதே உத்தமம்.

2. நீர் கலந்து தணித்த ஹைட்ரோக்ளோரிக் அமிலத்தில் பருப்பை இட்டு, கொதிநீர்ச் சூட்டில் கால் மணி நேரம் வைத்தால் கேசரி இருக்குமிடத்து இளஞ் சிவப்பு நிறம் தோன்றும். ஆனால் மெட்டானில் மஞ்சள் என்னும் தகாத சாயம் பூசிய பருப்பிலும் அமிலம் பட்டவுடன் அத்தகைய நிறம் தோன்றும். ஆகவே நிறத்தை மட்டும் கொண்டு ஒரு வியாபாரியைக் குற்றஞ்சாட்டலாகாது. சந்தேகம் தோன்றினால் மாதிரியை உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் சேர்த்து, பரிசோதனைசாலையின் முடிவைப் பெறுதல் வேண்டும்.

3. விஷப் பொருள் நீரிற் கரைவது. பருப்பை நிரம்பத் தண்ணீரில் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டு, மீண்டும் நிரம்பத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டால் விஷத்தில் பெரும்பகுதி நீங்கும், முழுவதும் நீங்காது. வறுப்பதாலும், நீரை வடிக்காமல் வேகவைப்பதாலும் போதிய பயன் இல்லை.

4. பஞ்ச நிவாரணத்திற்கோ, கூலிக்கோ தானியம் அளக்கும் இடங்களில் எத்தானியமாயினும் ஒன்றையே மாதக்கணக்கில் அளத்தல் தகாது. கடனுக்கு ஆளைக் கட்டிவைக்கும் வழக்கம் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டுள்ளது. அவ்வித வழக்கம் எங்கேனும் மறைவில் நடைபெறுமாயின் மேலதிகாரிகளுக்கு அறிவிப்பது கிராம அதிகாரிகளின் கடமை.

5. மலிவாகக் கிடைக்கிறதென்று பெயர் தெரியாத பருப்பு விதையைச் சந்தையில் வாங்கி வயலில் தெளித்தலாகாது. புதிய பயிரை விளைவிக்க விரும்புவோர் அதன் பெயர், வகை, விதை வந்த இடம் ஆகியவற்றை விவசாய இலாகாவினரிடம் விசாரித்தறிந்த பின்னரே விதைக்க வேண்டும்.

ஸ்லீமன் கண்ட கிராமங்களில் மூன்று ஆண்டு விளைச்சல் பொய்த்தபோது, விளைந்த ஒரே தானியத்தை உண்டவர்கள் குற்றம் ஒன்றும் செய்தவரல்லர். எத்தானியத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு அந்நாளில் ஒருவரும் இல்லை. இன்று சொல்ல வழி இருக்கிறது. விதையாயினும் பருப்பாயினும் ஐயம் தோன்றும்போது ஒரு பிடியைக் கட்டி அனுப்பிப் பரிசோதிப்பதில் உண்டாகும் சிறு சிரமத்தை ஒருவரும் பாராட்டாதிருப்பாராக.